யாருக்குக் கொழுப்பு?

விலை கேட்டால் கோபித்துக்கொள்ளும் வியாபாரம் நம் நாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கத்தரிக்காய் விற்கிறவளிடம் விலை கேட்கலாம். நகைக் கடைக்காரர் அன்றையப் பவுன் விலையைப் பலகையில் எழுதி வாசலிலேயே வைத்துவிடுகிறார். ஹோட்டலில் இட்லிக்கு என்ன, வடைக்கு என்ன என்பது சுவரில் தொங்குகிறது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் கண்ணாடி மேஜைக்கு முன்னால் நின்று, "இந்தக் கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கு எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மேஜைக்கு அப்பால் இருக்கும் பெண் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் சட்டையைப் பார்ப்பாள், "டாக்டரைப் பார்த்துட்டீங்களா?" என்பாள், "ஃபைல் போட்டாச்சா?" என்பாள். விலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவாள். அவள் மேல் தப்பில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது அவ்வளவுதான்.

கொழுப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று ரத்தத்தில் இருப்பது. மற்றது நடத்தையில் இருப்பது. முதல் வகைக் கொழுப்பை அளந்துகொள்வதற்கு இரண்டாம் வகைக் கொழுப்பு உடையவர்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் புகார்.

இருதய அறுவைச் சிகிச்சைக்கு ஏன் இத்தனை லட்சம் என்று நான் கேட்க வரவில்லை. அதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. எதிர்பாராத சிக்கல் உண்டு. முன்கூட்டி ஒரு தொகை சொல்வது கஷ்டம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். நான் எடுத்துக்கொண்டது மருத்துவத்திலேயே மிகச் சாதாரணமான காரியம். கையில் ஊசி குத்தி ஒரு சிறு குழாய் ரத்தம் எடுப்பது. அதிலுள்ள கொழுப்பை அளந்து ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது. திருப்பருத்திக்குன்றத்து நெசவாளிக்கும் சரி, தில்லியில் இருக்கும் மந்திரிக்கும் சரி, இந்தச் சோதனை ஒன்றுதான். ஒரே சாமானுக்கு ஊருக்குள் எத்தனை விலை இருக்கலாம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, இது என்ன சாமான் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

கொலஸ்ட்ரால் பித்தக்கல்லிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட வஸ்து. அதற்குப் பெயர் வைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த செவ்ரோல் என்ற பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948இல் தொடங்கி, ஊர் ஜனங்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பரிசோதித்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருகிறது என்று தெரிந்தது. அது உடம்பில் எப்படிக் கையாளப்படுகிறது என்பதைக் கண்டு சொன்ன பிரௌன், கோல்ட்ஸ்டைன் என்ற இருவருக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. 1987இல் அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆகவே இந்தச் சோதனை வீண் என்று யாராவது சொன்னால் நான் அவர்கள் கட்சியில் இல்லை. மாரடைப்பு மார்பைப் பிடிக்கும் வரையில் கொழுப்பு ஒரு வலியும் தருவதில்லை; ரத்தத்தைப் பார்த்தால் ஒழியத் தெரியாது. அவசியமான சோதனை என்பதால்தான் அதன் விலையைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

எப்படி அளக்கிறார்கள்? ரத்தத்தைச் சுழற்றித் தெளிநீரைப் பிரிக்கிறார்கள். அதில் ஒரு துளியிலும் சிறு பங்கை எடுத்து மருந்து நீரில் கலக்கிறார்கள். இளஞ்சிவப்பு நிறம் வருகிறது. நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு கொலஸ்ட்ரால். 1974இல் இந்த முறை அச்சேறியது; அரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் இதே வழிதான். ஒருவருடைய சோதனைக்குச் செலவாகும் மருந்து நீரின் விலை மிகச் சொற்பம். கருவி வாங்கிய பணம், அதை இயக்குகிறவருக்குச் சம்பளம், மின்சாரம், வாடகை எல்லாம் சேரத்தான் வேண்டும்; நியாயமான லாபமும் சேரட்டும். ஆனால் அது ஏதோ மாய மந்திரம் என்று நினைத்துக்கொண்டு நாம் வாய் பொத்தி நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'லிப்பிட் புரொஃபைல்' என்று தருகிற தாளில் ஏழெட்டு வரிகள் இருக்கும். மொத்தக் கொலஸ்ட்ரால், நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு, இன்னொரு கொலஸ்ட்ரால், அதற்கும் இதற்கும் விகிதம் என்று நீளும். பெரும்பாலான இடங்களில் இவற்றில் உண்மையாக அளப்பது மூன்றே மூன்று. மொத்தத்தை அளக்கிறார்கள், நல்லதை அளக்கிறார்கள், டிரைகிளிசரைடை அளக்கிறார்கள். கெட்டது எவ்வளவு என்பது பள்ளிக்கூடக் கணக்கு: மொத்தத்திலிருந்து நல்லதைக் கழி, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி, மிச்சம் விடை. 1972இல் ஃபிரீட்வால்ட் என்பவரும் அவர் கூட்டாளிகளும் சொல்லிக் கொடுத்த சூத்திரம் இது. டிரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது நேராகவே அளக்க வேண்டும். நல்ல, பயனுள்ள சூத்திரந்தான். ஆனால் கழித்தல் கணக்கையும் வகுத்தல் கணக்கையும் தனித்தனிச் 'சோதனை'களாக எண்ணிக்கையில் சேர்த்து, "எழுபது பரிசோதனைகள், ஒரே கட்டணம்" என்று பேனர் கட்டுகிறார்களே, அதை என்னவென்று சொல்வது? முழம் போட்ட துணியையே ஜாணாலும் அளந்து காட்டி, இரண்டு துணி என்று விற்கிற சாமர்த்தியம் இது.

இனி விலைக்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து காஞ்சிபுரம் கூப்பிடு தூரம். சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் இதற்கென்றே கிளம்பி, நாலு இடத்தில் விசாரித்தேன். ஒரு சந்துக்குள் இருக்கும் சிறு பரிசோதனைக் கூடத்தில் 300 ரூபாய் என்றார்கள். பெரிய கம்பெனி ஒன்றுக்கு ரத்தம் சேகரித்து அனுப்பும் கிளையில் 550. ஒரு நர்ஸிங் ஹோமில் 750. சலவைக்கல் தரையும் குளிர்சாதனமும் உள்ள ஆஸ்பத்திரியில் 1,200. அதற்கு முன்னால் பெயர் பதியக் கட்டணம் தனி. சாமான் ஒன்றுதான், விலை நாலு மடங்கு. இதிலும் ருசிகரமான செய்தி, அந்த 750 ரூபாய் நர்ஸிங் ஹோமில் அளக்கும் கருவியே இல்லை. ரத்தத்தை எடுத்து, குழாயில் சீட்டு ஒட்டி, மோட்டார் சைக்கிளில் ஒரு பையனிடம் கொடுத்து வெளியே அனுப்புகிறார்கள். எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்? ரிப்போர்ட் சாயந்திரம் வந்துடும்" என்றார்கள். நாலு இடங்களில் ஒன்றிலும் சுவரில் விலைப் பலகை இல்லை. பிள்ளையார் படம் இருந்தது. புன்னகை புரியும் குழந்தையின் படம் இருந்தது. 'மௌனம் காக்கவும்' என்ற பலகை இருந்தது.

மௌனம் காக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், நாம்தான்.

எங்கள் தெருவில் ஒரு நெசவாளர் இருக்கிறார். அறுபதை நெருங்கியவர். கோர்வை போடுவதில் கெட்டிக்காரர். அன்றைக்கு விசாரித்துவிட்டு வந்த கதையை அவர் வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு உள்ளே போனவர், தறி மாடத்திலிருந்து ஒரு மடித்த சீட்டை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

"எனக்குக்கூட எழுதிக் குடுத்தாங்க தம்பி. ஆயிரத்து எரநூறு ஆகும்னாங்க. எத்தினி நாள் கூலின்னு கணக்குப் போட்டேன். அப்புறம் பாத்துக்கலாம்னு வந்துட்டேன்."

"எப்போ அண்ணே எழுதினாங்க?"

"தை மாசம்."

"வேற எடத்துல கேட்டுப் பாக்கலியா?"

அவர் என்னை ஏதோ பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சீட்டு அவங்க எழுதினது ஆச்சே தம்பி. வேற எடத்துல எப்பிடி எடுப்பாங்க?"

ஒன்பது மாதம் அந்தச் சீட்டு தறி மாடத்தில் தூசி படிந்து கிடந்திருக்கிறது. மறுநாள் அதே சீட்டோடு சந்துக்குள் இருந்த கூடத்துக்குப் போனார். 300 ரூபாயில் முடிந்தது. கொழுப்பு கூடுதலாகத்தான் இருந்தது. மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். ஒன்பது மாதத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கடவுள் கிருபை. ஆஸ்பத்திரியின் கிருபை அன்று.

அவர் கேட்ட கேள்வியில் இருந்த அறியாமையைக் கண்டு சிரிக்க வேண்டாம். அந்த அறியாமை தானாக விளைந்ததல்ல. டாக்டர் எழுதிய சீட்டு அந்த டாக்டருடைய கட்டடத்துக்குள்தான் செல்லும் என்று நம்மில் படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறோம். மருந்தையோ பரிசோதனையையோ எங்கே பெறுவது என்று தேர்ந்துகொள்வது நோயாளியின் உரிமை. கட்டணத்தை முன்கூட்டித் தெரிந்துகொள்வதும் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளிகள் உரிமைப் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் அதை மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது. அனுப்பி வைத்ததோடு சரி. எத்தனை ஆஸ்பத்திரிச் சுவரில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவர்களின் ஒழுக்க விதிகள் 2002இல் வந்தன. தம் கட்டணத்தையும் இதரச் செலவுகளையும் மருத்துவர் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று அவற்றில் இருக்கிறது. நோயாளியை அனுப்பி வைப்பதற்காகக் கமிஷன் கொடுப்பதும் கூடாது, வாங்குவதும் கூடாது என்றும் இருக்கிறது. மத்திய அரசின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2010இல் வந்தது. 2012இல் அதற்கு விதிகள் வந்தன. ஒவ்வொரு சேவைக்கும் என்ன கட்டணம் என்பதை, கண்ணில் படும் இடத்தில், உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும். அரசு வகுக்கும் எல்லைக்குள் கட்டணம் வாங்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஆனால் அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்ட மாநிலங்களுக்கு மட்டுந்தான். தமிழ்நாட்டுக்கு 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் வந்ததோ 2018இல்! சட்டத்துக்கும் விதிக்கும் நடுவே இருபத்தோரு ஆண்டு. ஒரு பெண் குழந்தை பிறந்து, வளர்ந்து, கல்யாண வயசுக்கு வந்துவிடுகிறாள். மத்திய அரசும் லேசுப்பட்டதல்ல. கட்டண எல்லையை வகுக்காமலே பன்னிரண்டு வருஷத்தை ஓட்டியது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் கடிந்து கேட்க வேண்டியதாயிற்று.

இது நம் நாட்டு நோய் மட்டும் என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம். பணக்கார அமெரிக்காவில் இது இன்னும் முற்றிய நிலையில் இருக்கிறது. கலிபோர்னியா மாகாணத்து ஆஸ்பத்திரிகள் பத்துச் சாதாரண ரத்தப் பரிசோதனைகளுக்கு 2011இல் போட்ட கட்டணங்களை ரெனீ சியா என்ற பெண் மருத்துவரும் அவர் குழுவும் ஒப்பிட்டு, 2014இல் வெளியிட்டார்கள். இதே கொழுப்புப் பரிசோதனைக்கு ஓர் ஆஸ்பத்திரி போட்ட தொகை 10 டாலர். இன்னொன்று போட்டது 10,169 டாலர். அச்சுப் பிழை அல்ல, ஆயிரம் மடங்கு. ஆஸ்பத்திரி பெரிதா சிறிதா, லாபத்துக்கு நடப்பதா தர்மத்துக்கு நடப்பதா என்றெல்லாம் வைத்து ஆராய்ந்து பார்த்தும், இந்த வித்தியாசத்தில் பெரும் பகுதிக்குக் காரணம் அகப்படவில்லை. அங்கே பில்லில் போடும் தொகை முழுவதையும் எல்லாரும் கட்டுவதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பேரம் பேசிக் குறைத்துக்கொள்ளும். அப்படியானால், பேரம் பேச ஆள் இல்லாதவன் தலையில்தான் முழுத் தொகையும் விழும் என்று அர்த்தம். கடைசியில் 2021 ஜனவரி முதல் ஆஸ்பத்திரிகள் தங்கள் கட்டணங்களை வெளியிட்டாக வேண்டும் என்று அங்கே விதி செய்தார்கள். பல ஆஸ்பத்திரிகள் யாராலும் படிக்க முடியாத பிரம்மாண்டமான பட்டியல்களை வெளியிட்டுக் கடமையை முடித்துக்கொண்டன. நமக்கு அந்தப் பாடமும் வேண்டும். வெளியிட்டால் போதாது, வேட்டி கட்டிய மனிதன் வாசலில் நின்று வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு வரக்கூடிய ஆட்சேபங்கள் மூன்று. கேட்டுப் பழகியவைதான்.

முதலாவது: "விலை கூடினால் தரம் கூடும்." பட்டு விஷயத்தில் இதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே சேலைக்கு விலை கூடினால் காரணம் சொல்கிறார்கள். பட்டு எத்தனை கிராம், சரிகை எத்தனை மார்க், அதில் வெள்ளி எவ்வளவு, கோர்வையா இல்லையா என்று கணக்கு இருக்கிறது. நெசவாளியிடம் பட்டை நிறுத்துக் கொடுத்து, நெய்த சேலையையும் நிறுத்துத்தான் வாங்குகிறார்கள். பட்டு அசல்தானா என்று காட்ட 2004 முதல் ஸில்க் மார்க் முத்திரை இருக்கிறது. சரிகையைச் சந்தேகப்பட்டால் சோதித்துப் பார்க்கலாம். 1,200 ரூபாய் ஆஸ்பத்திரி தன் விலைக்கு அப்படி என்ன காரணம் சொல்கிறது? பரிசோதனைக் கூடத்தின் தரத்துக்கும் தேசிய அங்கீகார வாரியத்தின் சான்று உண்டு. அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். தினமும் தெரிந்த அளவுள்ள மாதிரியை வைத்துக் கருவியைச் சரிபார்க்கிறார்களா என்று கேளுங்கள். தரம் இவற்றில் இருக்கிறது. சலவைக்கல்லில் இல்லை. சிறு கூடங்களில் மோசமானவை உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. அதற்கு மருந்து கண்காணிப்பு. விலையை மறைத்து வைப்பதால் மோசமான கூடம் ஒன்றுகூட நல்லதாகிவிடப் போவதில்லை.

இரண்டாவது: "விலையைக் கட்டுப்படுத்தினால் ஆஸ்பத்திரியே நடத்த முடியாது." இதை நாம் இரண்டு முறை சோதித்துப் பார்த்தாகிவிட்டது. இருதய ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. சாதாரண வகைக்கு 7,260 ரூபாய். மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். அதற்கு முன்னால் லட்சத்தைத் தாண்டி வாங்கிய சாமான். சில கம்பெனிகள் முணுமுணுத்தன. சில ரகங்களை விலக்கிக்கொள்கிறோம் என்றன. ஸ்டென்ட் வைப்பது நின்றுவிடவில்லை. அடுத்தது கொரோனாக் காலம். 2020 மார்ச்சில் தனியார் கூடங்களில் அந்தப் பரிசோதனைக்கு உச்ச விலை 4,500 ரூபாய். 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டு அரசு அதை 900 ரூபாயாக்கியது. பதினான்கு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு! கூடங்கள் இழுத்து மூடிக்கொண்டு போகவில்லை; விடிய விடிய வேலை செய்தன. மருத்துவச் சேவையில் அரசே பகிரங்கமாகக் கட்டணம் வைப்பதும் புதிதல்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு 2,500 ரூபாய் என்று நிர்ணயித்துப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறது. ஸ்கேனுக்கு விலை சொல்ல முடியும். ஒரு துளி ரத்தத்துக்கு முடியாதா?

மூன்றாவது ஆட்சேபம் நாசூக்கானது. "இல்லாதவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறதே!" இருக்கிறது. அங்கே இந்தச் சோதனைக்குக் காசு இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. இதெல்லாம் தமிழ்நாட்டின் பெருமை. நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அங்கே போகக்கூடியவர்கள் எல்லாரும் தயங்காமல் போக வேண்டும். ஆனால் வரிசையில் நிற்கும் ஒரு நாள், தறியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு நாள் கூலி. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்து விடியற்காலையில் வந்து நில் என்றால் இன்னும் கஷ்டம். இந்தப் பட்டினிகூட முதல் சோதனைக்குப் பெரும்பாலும் அவசியமில்லை என்று ஐரோப்பிய நிபுணர்கள் 2016இல் சொன்னார்கள். இந்திய இருதயவியல் சங்கமும் 2024இல் அதையே ஒட்டி வழிகாட்டியிருக்கிறது. டிரைகிளிசரைடு மிகுந்தவர்களுக்கும் டாக்டர் குறிப்பாகச் சொன்னவர்களுக்குந்தான் பட்டினி தேவை. இது எத்தனை பேர் காதுக்கு எட்டியிருக்கிறது? அது கிடக்கட்டும். தனியாரிடம் போகிறவன் பணம் உள்ளவன், ஆகையால் அவனிடம் விலையை மறைக்கலாம் என்பது எந்த ஊர் நியாயம்? பணம் உள்ளவனை ஏமாற்றலாம் என்று எந்தத் தர்ம சாஸ்திரத்திலும் எழுதியிருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

ஏமாறுகிறவர்களில் முதல் வரிசையில் இருப்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களே. நெசவாளர் பயத்தினால் கேட்கவில்லை. நாம் கௌரவத்தினால் கேட்பதில்லை. கறிகாய்க்காரியிடம் இரண்டு ரூபாய்க்காகக் கால் மணி நேரம் வாதாடுகிற கனவான், ஆஸ்பத்திரி மேஜையில் 1,200 ரூபாயைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, "அங்கே எல்லாம் சுத்தமா இருக்கு சார்" என்று பெருமை பேசிக்கொண்டு வருகிறார். உயிர் விஷயத்தில் காசு பார்க்கலாமா என்பது அவர் வாதம். நாம் காசு பார்க்காவிட்டால் போகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்க்கிறாரே! நாம் கேட்காமல் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த விலை ஊர் விலையாகிறது. பிறகு நெசவாளரிடம் அதே தொகையைக் கேட்கிறார்கள். அவர் சீட்டை மடித்துத் தறி மாடத்தில் வைத்துவிடுகிறார். நம்முடைய கௌரவத்துக்கு விலை கொடுத்தவர் அவர்.

எங்கள் ஊருக்கு ஜினகாஞ்சி என்று இன்னொரு பெயர் உண்டு. திரைலோக்கியநாதர் கோயிலில் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விஜயநகர மந்திரி இருகப்பன் கட்டிய சங்கீத மண்டபமும், அதன் விதானத்து ஓவியங்களும் பார்க்க ஜனங்கள் வருகிறார்கள். சமணர்கள் சொல்லும் தானங்கள் நான்கு: உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். மருந்தைச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எங்களூரை ஒட்டி வரும் வேகவதி, பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் கோயிலைச் சார்ந்து ஓர் ஆஸ்பத்திரி நடந்தது. வீரசோழன் என்று பெயர்; பதினைந்து படுக்கை. வைத்தியருக்கு ஆண்டுக்கு எவ்வளவு நெல், எத்தனை காசு. அறுவை செய்கிறவருக்கு எவ்வளவு. மூலிகை கொண்டு வருகிறவர்களுக்கு எவ்வளவு. நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கு எவ்வளவு. இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் எவை எவை என்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் வருஷம் ஆகப் போகிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதில் குறைகள் ஆயிரம் இருந்திருக்கும். கணக்கைப் பொதுவில் வைப்பது வைத்தியத்துக்கு இழிவு என்று அவர்கள் நினைக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். கல்லில் வெட்ட முடிந்த ஒன்றைத் தகரத்தில் எழுத முடியாதா?

நான் கேட்பது அதிகமில்லை. ஆஸ்பத்திரி, நர்ஸிங் ஹோம், பரிசோதனைக் கூடம் ஒவ்வொன்றின் வாசலிலும் தமிழில் ஒரு பலகை வேண்டும். கொழுப்பு, சர்க்கரை, ரத்த அணு, சிறுநீர், தைராய்டு என்று அன்றாடம் எழுதிக் கொடுக்கும் இருபது சோதனைகளின் கட்டணம் அதில் இருக்கட்டும். டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டின் அடியில், 'இதை எந்தக் கூடத்திலும் செய்துகொள்ளலாம்' என்று ஒரு வரி அச்சிடட்டும். ரத்தத்தை வெளியே அனுப்புகிறவர்கள் எங்கே அனுப்புகிறோம் என்று சொல்லட்டும். பலகை வைக்காதவருக்குப் பதிவைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அரசாங்கம் ஒரு வரி உத்தரவு போடட்டும். இதற்குப் புது வரி வேண்டாம். நிபுணர் குழு வேண்டாம். வெளிநாட்டுச் சுற்றுப்பயணமும் வேண்டாம். பெயிண்டும் தகரமும் போதும்.

அந்த உத்தரவு வரும் வரையில் நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை சீட்டை வாங்கியதும், ஊசிக்குக் கையை நீட்டுவதற்கு முன்னால், "எவ்வளவு?" என்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் காதிலும் விழும்படி உரக்கவே கேளுங்கள். கையில் அதே மாதிரிச் சீட்டை வைத்துக்கொண்டு, கேட்கத் தைரியமில்லாமல் அவர் நின்றுகொண்டிருக்கலாம்.